வான் கட்டாத குளம்

முதலில் நெருப்புத்தான் கீறினேன்.
தொடர்ந்து ஏழு நாள் செய்தால்
பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுவாலை.
உலகத்துச் செயலியெல்லாம் அப்படித்தானே எரிகிறது.
வினுசா பார்த்துவிட்டு,
'காலமை நாலரைக்கு அடுப்பு மூட்டுறன்,
போனுக்குள்ளையும் ஏனடி நெருப்பு?' என்றாள்.
அவளுக்கு ஐந்து இருபதுக்குக் கார்மென்ற் பஸ்.
அழித்தேன்.

ஒட்டுசுட்டான் சந்தி,
போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறை.
கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம்
போன் அளவில் பெட்டி பெட்டியாய்க் கீறி
நாலு பேரின் நாளை அதற்குள் அடுக்கப் பார்த்தேன்.
அபிசன் கணக்குப் பாடம் மூன்றாந்தரம் எடுக்கிறான்.
றொசாந் குளத்து வேலை, நாட்கூலி;
'மோட்டர்சைக்கிள் கழுவ, பிறகு' என்று பதிந்தான்,
அந்தப் 'பிறகு' இன்றுவரை அப்படியே இருக்கிறது.
வினுசா: யூனிபோம் தோய்க்க. நித்திரை கொள்ள.
நித்திரையை வேலையாய் எழுதிய ஒருத்தியை
அன்றுதான் கண்டேன்.

புள்ளி கொடுத்துப் பார்த்தேன்.
இரண்டாம் நாளே அபிசன்
'மூச்சு விட' என்று பதிந்து
ஆயிரத்து நானூறு எடுத்து முன்னுக்கு நின்றான்.
மூன்றாம் நாள் சண்டை.
நாலாம் நாள் ஒருவரும் திறக்கவில்லை.

குளத்தைச் சொன்னது றொசாந்.
சொன்னான் என்றும் இல்லை,
றோல்ஸ் தின்றுகொண்டு கேட்டான்:
'ஏன் ஆளாளுக்கு ஒரு வாளி? ஒரு குளமாய் விடன்.'
யார் எதை முடித்தாலும் ஒரு குடம் நீர்
நாலு பேருக்கும் பொதுவான நீலத்தில் விழும்.
விழுகிற சத்தத்துக்குக்
கடைக் கிணற்றில் கல்லைப் போட்டுப் போட்டுப் பதிந்தோம்.
கடைக்காரர் ஓடிவந்து
போனாக்கும் விழுந்தது என்று கயிறு தேடினார்.

சிக்கல் விட்ட நாளில்.
ஒருத்தி ஒருநாள் செய்யாவிட்டால் நீர் குறையுமா?
குறையும் என்றே எழுதியிருந்தேன்,
தண்டனை இல்லாமல் விளையாட்டு ஏது.
றொசாந் காய்ப்பேறிய விரலால் திரையைத் தேய்த்தான்.
'ஒருநாள் மழை பெய்யாட்டில் குளம் வத்தாது.
நண்டு வளைதான் ஆபத்து.
ஆர் கண்டாலும் போய்க் களி வைச்சு அடைக்கிறது.
ஆற்றை காணிப் பக்கம் எண்டு கேக்கிறேல்லை.'

அன்றிரவு கரண்ட் நின்றது.
லப்டொப்பில் பதினெட்டு வீதம்.
அதற்குள் நண்டை எழுதி முடித்தேன்:
விட்ட நாளில் கட்டில் சின்னத் துளை,
துளையிலிருந்து நூலாய் நீர்,
மற்றவர் யாரும் ஒரு பிடி களி வைக்கலாம்.
களி என்றால் எதுவும்.
ஒரு குரல், ஒரு பகிடி,
அவளுக்குப் பதிலாய் நீ செய்த ஒன்று.

ஐப்பசியில் வினுசாவின் பக்கம் மூன்று நாள், மூன்று நண்டு.
ஓவர்டைம் என்று நினைத்தோம். காய்ச்சல்.
அபிசன் சமன்பாடுகளைப் பாட்டாய்ப் பாடி அனுப்பினான்;
அது களியா குற்றமா, நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.
றொசாந் பஸ் நடத்துனரிடம் பனடோல் கொடுத்துவிட்டான்.
நான் போய் யூனிபோமைத் தோய்த்தேன்,
கழுத்துப்பட்டியில் நூல்தூசி, எவ்வளவு கசக்கியும் போகவில்லை.
நாலாம் நாள் மத்தியானம் அவள் பட்டியலில்
ஒன்றுக்குச் சரி விழுந்தது: நித்திரை கொள்ள.
கிணற்றுச் சத்தம் நாலு போனிலும்,
அபிசனுடையதில் மட்டும் ஒரு நிமிடம் பிந்தி.

மார்கழி.
ஐம்பத்திரண்டாம் நாள் நீலம் கட்டின் விளிம்பைத் தொட்டது.
தொட்டதும் செயலி உறைந்து, பிறகு கறுப்பு.
நிறையும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.
நிறைந்தால் என்ன என்று ஒரு வரிகூட எழுதவில்லை.
'குளம் கட்டினவள் வான் கட்டேல்லை!'
றொசாந் சிரித்ததில் மேசையின் கட்டைக்கால் ஆடியது.

ஞாயிறு, இரண்டு மோட்டர்சைக்கிள்.
முத்தையன்கட்டுப் பக்கம்
அவன் கட்டுத் திருத்தின சின்னக் குளத்துக்கு,
வான் பாய்வது பார்க்க.
கீறத் தாள் கொண்டுபோனேன், நனைந்துவிட்டது.
எத்தனை குடத்துக்கு மேல் பாயவிடுவது,
பாய்கிற நீர் யார் வயலுக்கு,
கீழே அடுத்த குளம் யாருடையது,
ஒன்றும் முடிவாகவில்லை.
வினுசா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஓடுகிற தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.
'இதையும் பட்டியலிலை போடடி!' என்று கத்தினாள்.

போடவில்லை.