பதினாறில் ஒட்டிய பிளாஸ்டர்

உப்புக்காற்று தின்றபிறகு
ஒளிமானியின் முள் எழும்பவேயில்லை.
கொழும்புக்கு அனுப்பித் திருத்தக் காசுமில்லை.
துவாரத்தைப் பதினாறில் வைத்து
வளையத்தைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டினேன்.
வேகம் நூற்றிருபத்தைந்து.
திருமலையின் பத்துமணி வெயிலுக்கு
வேறு கணக்குத் தேவைப்படவில்லை.

முகில் வந்தால் காத்திருப்பேன்.
அல்லது எடுக்கமாட்டேன்.

ஜெனுஸ்டனின் பையில் நாலு லென்ஸ்.
ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டுவதற்குள்
டச் பேயில் கரைவலை ஏறி,
சூடைமீன் துள்ளி அடங்கி,
சம்மாட்டி விலைபேசத் தொடங்கிவிட்டார்.

என்னிடம் ஒரே படம்:
கயிற்றின் கடைசி ஆள்,
மணலில் புதைந்த குதிகால்,
பின்னால் தோணி நிழலில்
காகிதம் மென்றபடி ஒரு மான்.
மானை நான் அப்போது காணவில்லை.

தொப்பி நிழலுக்குள் முகம் கறுத்துப்போனது.
"ஒரு ஸ்டொப் கூட்டியிருக்கலாம்" என்றான் ஜெனுஸ்டன்.

கூட்டியிருக்கலாம்தான்.
படத்தை வாங்கிப் பார்த்த அந்த ஆளின் மனுசி
முகத்தைத் தேடவேயில்லை.
"இவர்தான். இடது தோளைச் சரிச்செல்லோ இழுக்கிறார்,
நோகுதெண்டு ஒருநாளும் சொல்லேல்ல."

பிளாஸ்டரை இன்னும் உரிக்கவில்லை.
ஓரத்தில் கொஞ்சம் மணல் ஒட்டியிருக்கிறது.