முப்பது விநாடி

பட்டம் வாங்கிய கையோடு ஜிஃபா
அக்ராவில் ஒன்பது ஸ்டூடியோ ஏறி இறங்கினாள்.
எட்டில் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.
ஒன்பதாவதில்
டீ போடத் தெரியுமா என்றார்கள்.
போட்டாள், நான்கு மாதம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பாட
இந்தப் பக்கம் யாரோ குமிழ் திருக
நடுவில் நின்று
சர்க்கரை எத்தனை என்று கேட்டுக்கொண்டு.

ஐந்தாம் மாதம் அவள் சித்தப்பா இறந்தார்.
வாடகைக்கு வந்த ஒலிபெருக்கி கிழிந்திருந்தது.
பாதிரியார் சொன்னதெல்லாம்
தகரத்தில் கொட்டிய சரளை.
கறுப்பு உடையோடு மண்டியிட்டு
மைக்கை ஒரு சாண் நகர்த்தினாள்,
நடு அலைவரிசையைக் கொஞ்சம் இறக்கினாள்.
செத்தவர் பெயர் அப்போதுதான் தெளிவாகக் கேட்டது.
கடைசி வரிசையில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.
பக்கத்துத் தெருக்காரர் வந்து தோளைத் தொட்டார்:
எங்கள் வீட்டிலும் ஒரு சாவு, வரும் சனிக்கிழமை.
எவ்வளவு வாங்குவாய்?

வாய்க்கு வந்த தொகையைச் சொன்னாள்.
குறைத்துச் சொல்லிவிட்டதாக இன்றும் புலம்புவாள்.

சந்தைப் பெண்களின் சூசூ சீட்டில்
முதல் தவணையே அவளுக்கு விழுந்தது.
விழவைத்தாள் என்பதுதான் சரி:
அவர்கள் கூட்டங்களுக்கு ஓராண்டு மைக் இலவசம்.
அந்தப் பணத்தில் இரண்டு பெட்டி, ஒரு ஜெனரேட்டர்,
மதீனாவில் துருவேறிய ஒரு கன்டெய்னர்,
சம்பளத்துக்கு நான்.
வகுப்பில் அவளுக்கு அடுத்த நாற்காலி,
மிக்ஸிங் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவன்.
என் வேலை ஒயர் சுற்றுவது.
முழங்கையில் சுற்றாதே எலிகெம், உள்ளே செம்பு முறியும்,
ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே என்பாள்.
கூடைக்குள் சுருண்டு கிடக்கும் அரவங்களைச்
சனிக்கிழமைதோறும் அவிழ்த்து
அரவம் எழுப்பிவிட்டு
இரவில் மறுபடி சுருட்டி வைப்போம்.

பிணத்தை நம்பிப் பிழைக்கிறோமே என்றேன் ஒருநாள்.
அழுகிறவர்களை நம்பி, என்று திருத்திவிட்டு
டீசல் கணக்கைக் கேட்டாள்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் புரியவில்லை.
ஆட்கள் வருமுன்
பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல் துணி, காற்று,
இவற்றை மட்டும் முப்பது விநாடி பதிவு செய்வாள்.
கோப்புக்கு இறந்தவர் பெயர்.
எதற்கு என்றால்,
எந்த இடத்திலும் முதலில் அதன் அமைதியை எடுத்து வை
என்று கல்லூரியில் சொன்னார்களே, நீ தூங்கினாயா?
தூங்கித்தான் இருப்பேன்.

மே மாதம் கா மக்களின் தடை வரும்.
முப்பது நாள் பறை இல்லை, ஒலிபெருக்கி இல்லை,
ஊரே வாயில் விரல் வைத்திருக்கும்.
ஒலி விற்பவருக்கு அது பஞ்சம்.
நான் மாமா கடைக்கு டயர் உருட்டப் போனேன்.
அவள் கன்டெய்னர் கதவைச் சாத்தி
ஹெட்போன் மாட்டிக்கொண்டு
நூற்றுநாற்பது அமைதிகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

ஒன்றுகூட மற்றதைப் போல இல்லையாம்.
ஒன்று கீழ்ஸ்தாயியில் முனகியது.
ஒன்றில் குளிர்பெட்டி சுருதி பிடித்தது.
ஒன்றில் யாரோ செருப்பைத் தேடினார்கள்.
தடை நீங்கிய அன்று எனக்குப் போட்டுக் காட்டினாள்,
நாற்பது நிமிடம்.
பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டுவிட்டேன்.

பதினொரு பேர் வாங்கினார்கள்.
ஒருவர் கோப்பு பழுது என்று காசைத் திருப்பிக் கேட்டார்.
கொடுத்தாள்.
பிறகு டெஷியிலிருந்து அஜெலே என்றொரு அம்மாள் போனில்:
மூன்றாவதில் கூவுவது எங்கள் சேவல்.
அவர் போய் எட்டாம் நாள்
அதைக் குழம்பு வைத்தோம்.

இரண்டு பக்கமும் பேச்சில்லை.
ஜிஃபாவின் விரல் பதிவுப் பொத்தானைத் தேடியதைப் பார்த்தேன்.
அழுத்தவில்லை.

அந்த அம்மாள்தான் முதலில் பேசினாள்:
சேவலுக்குப் பங்கு உண்டா?

மாலையில் கணக்கு நோட்டில்
டீசல், ஃப்யூஸ், வாடகை, எலிகெம் என்ற வரிசைக்குக் கீழே
புதிதாக ஒரு பெயர் எழுதினாள்.
எனக்கு இரண்டு மாத நிலுவை இருக்கும்போதே
சேவலுக்கு முதல் தொகை போய்விட்டது.