ழ

எர்ணாவூர் எடைமேடை. ராத்திரி ரெண்டு மணி.
கண்டெய்னர் ஏறி நின்றதும்
ஒற்றை ஒயரில் வருகிறது எடை,
இலக்கம் இலக்கமாய்,
ஒவ்வொன்றும் ஏழு துணுக்காய்.
முன்னால் ஒரு சரிவு: வர்றேன்.
முடிவில் ஒரு நிமிர்வு: வந்துட்டேன்.

ரசீது பிரின்டருக்கும் அதே ஏழுதான்.
டிரைவர் பெயரைத் தமிழில் அனுப்பிப் பார்த்தேன்.
எட்டாவது துணுக்கு வாசலிலேயே நின்றுவிட,
புகழேந்தியின் ழ
ஒரு கீற்று, ஒரு புள்ளி, ஒரு நாலு
என்று விழுந்தது.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.
"இன்னாது இது?"
"உங்க பேருண்ணே. ழ வரல."
"விடு நைனா,
எங்க வூட்லயே புகயேந்திதான்."

எடையை மட்டும் சரிபார்த்து
மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வண்டி ஏறும்வரை
ஒயரில்
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று