நாலு பக்கமும் ஓரம்

குன்னூர் பெட்ஃபோர்டில் பெள்ளியின் கடை, மாடியில்.
மழை விட்டு நாலு நாளாகியும்
சுவர் காயவில்லை.
இடுக்கியால் எடுத்து வைத்தார்:
அரையணா, நீலம், கிழியாத உறையோடு.
தாளில் துளை போடும் பழக்கம் வராத காலம்;
கத்தரிக்கோல் வைத்ததுதான் எல்லை.

“நாலு பக்கமும் ஓரம் இருந்தா பதினெட்டாயிரம்.
இது ஆறுதான், ரோஸலின்.
ராணி கொண்டையில வெட்டு பாருங்க.”

லென்ஸில் பார்த்தேன்.
மூன்று பக்கம் நூல் பிடித்த நேர்.
நான்காவது ஒழுங்காகத்தான் தொடங்கி
பாதியில் உள்ளே சரிந்து
சட்டத்தைக் கடித்து
கொண்டைவரை போய்
திடுக்கிட்டதுபோல் வெளியே வந்திருந்தது.

முத்திரையில் உதகமண்டலம்.
ஜனவரி, ஐம்பத்தைந்து.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து.

ஜனவரியில் அங்கே வேலை பார்த்திருக்கிறேன்,
கூட்டுறவு வங்கியில், காசாளர்.
குதிரைப் பந்தயத் திடல் முழுக்க உறைபனி.
பத்து மணிவரை விரல்கள் என் பேச்சைக் கேட்காது.
நோட்டுக் கட்டில் ஒன்று கூடும், ஒன்று குறையும்.
டீ கிளாஸைக் கொஞ்சநேரம் பிடித்த பிறகே
கையெழுத்து கையெழுத்தாக வரும்.
வரிசையில் யாராவது
“என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?” என்பார்கள்.

அந்தக் குமாஸ்தாவிடமும்
ஒருவன் கேட்டிருப்பான்.

பேரம் பேசவில்லை. பெள்ளிக்கே சந்தேகம் வந்து
உறையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

இப்போது அது என் துணி அலமாரியில்,
பூஞ்சை அண்டாதிருக்க
இரவு பகலாய் எரியும் நாற்பது வாட் பல்புக்குப் பக்கத்தில்,
பட்டுச்சேலையைக் கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிட்டு.
எடுத்துப் பார்க்கத் தோன்றினால்
முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன்,
சூடு ஏறும்வரை.