சனிக்கிழமைக்கு விலை இல்லை

டுலூத் நூலகம், மூன்றாம் மாடி.
மார்ச் முடிந்தும் ஏரி உறைந்தே கிடந்தது,
தாதுக் கப்பல் ஒன்றுகூட வந்தபாடில்லை.
வெர்னா கோஸ்கெலா கையுறையைக் கழற்றாமலே
ஒரு துண்டுத்தாளை என் மேசைமேல் வைத்தார்.
வரிக்கணக்கர் பென்சிலில் கிறுக்கிய இரண்டு வரி:
வாங்கிய நாள் விலை.
இறந்த நாள் விலை.

"இருவர் பேரிலும் இருந்த பங்கு.
ஆர்விட்டின் பாதிக்கு அவர் போன நாள் விலையாம்,
என் பாதிக்கு வாங்கிய நாள் விலையேதானாம்.
ஒரே காகிதம்தான். நடுவில் எங்கே கோடு போட்டார்கள்
என்று எனக்குத் தெரியவில்லை."

ஹார்லோ வால்வு நிறுவனம்.
திரையில் விரிந்தது அட்டவணை,
நாளுக்கு ஒரு வரி:
தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு,
அன்று கைமாறிய பங்குகள்.
கீழே, இன்னும் கீழே,
எண்பத்து நான்கு மார்ச் பதினான்கு, புதன்:
ஐந்து டாலர் இருபத்தேழு.

அவர் சிரித்தேவிட்டார்.
"ஐந்து டாலரா?
அந்த மாதம் துணியெல்லாம் கையால் துவைத்தேன்.
ஐந்து டாலருக்கா துவைத்தேன்?"

சொன்னேன்:
ஒரு பங்கு இரண்டானது, மூன்று தடவை.
உங்கள் இருபது இன்றைக்கு நூற்று அறுபது.
பழைய விலையையும் அதே கத்தியால்
எட்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்,
இல்லாவிட்டால் படத்தில் கோடு
மூன்று இடத்தில் மாடியிலிருந்து விழும்.

அவர் விரல் கடைசிப் பத்தியில் நின்றது.
"இங்கே இரண்டு பதினேழு என்றிருக்கிறதே?"
அது வேண்டாம், அம்மா.
நிறுவனம் கொடுத்த லாபப் பங்கையெல்லாம்
பின்னோக்கிக் கழித்த எண் அது.
வளர்ச்சியை அளக்க உதவும், வரிக்கு உதவாது.
"கழித்தார்களா? அதில்தான்
பையனுக்குப் பனிக்காலணி வாங்கினோம்."

நூற்று அறுபதை ஐந்து இருபத்தேழால் பெருக்கினார்,
உறையின் பின்பக்கத்தில், பழைய முறையில்.
"எழுபது சென்ட் கூடுதலாக வருகிறது.
நான் கொடுத்த பணம் எனக்குத் தெரியும்."

மைக்ரோஃபிலிம் சுருளை எடுத்தேன்.
புதன்கிழமை விலை வியாழக்கிழமைத் தாளில் இருக்கும்,
அச்சுக்கு ஓர் இரவு வேண்டுமே.
எறும்பு எழுத்தில் ஹார்லோ:
நாற்பத்திரண்டே அரைக்கால்.
அப்போது சந்தை டாலரை எட்டாக வெட்டிய காலம்.
பெருக்கினார்.
எண்ணூற்று நாற்பத்திரண்டரை.
"இது," என்றார். கையுறை கழன்றது.

இரண்டாவது வரி.
பிப்ரவரி முதல் சனிக்கிழமை, விடியுமுன்.
அட்டவணையில் வெள்ளிக்குக் கீழே திங்கள்,
இடைவெளியே இல்லாமல்,
ஒரு மயிரிழைகூட இல்லாமல்.

சந்தை மூடியிருந்த நாளுக்கு
இருபுறமும் பார்க்க வேண்டும்.
வெள்ளியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடு: அறுபது அறுபது.
திங்களின் நடு: ஐம்பத்தொன்பது இருபது.
இரண்டுக்கும் நடு: ஐம்பத்தொன்பது தொண்ணூறு.

"ஒருவரும் அந்த விலைக்கு விற்கவில்லையே?"
இல்லை.
"ஒருவரும் வாங்கவுமில்லை."
இல்லை.
எழுதிக்கொண்டார். எண்பது தடவை.
நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

விற்கப் போகிறீர்களா என்று கேட்டிருக்கக்கூடாது,
கேட்டுவிட்டேன்.
"கூரை ஒழுகுகிறது. அவர் பாதியை விற்கிறேன்.
அதில் லாபமே இல்லை, வரியும் இல்லை.
என்னுடையதில்தான் நாற்பது வருஷ லாபம் கிடக்கிறது,
கிடக்கட்டும்."

சுருளைச் சுற்றப் போனேன்.
"பொறுங்கள், கொஞ்சம் வலப்பக்கம்."
பங்கு விலைகளுக்குப் பக்கத்தில், அரைப்பக்கத்துக்கு,
மேல்மூடி திறந்த ஒரு துணி துவைக்கும் இயந்திரம்.
முந்நூற்று எண்பத்தொன்பது டாலர்,
வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.

முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்
நெடுநேரம் பார்த்தார்.
"இதற்கு இன்றைய விலை எதுவும் சொல்ல வேண்டாம்," என்றார்.

பக்கத்துக்குப் பத்து சென்ட்.
இரண்டு பக்கத்துக்குக் கொடுத்தார்.
வரிக்கணக்கருக்கு ஒன்று.