முயற்சி போதாது

எங்கள் பாடப்புத்தகம் கடல் மட்டத்தில் எழுதப்பட்டது.
முதல் வாரம் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தோம்:
உதேனிக்குத் தொண்ணூற்றைந்து, எனக்குத் தொண்ணூற்று நான்கு.
நுவரெலியாவில் இதுதான் சுகதேகி என்றார் ஹேரத் மிஸ்,
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு பொம்மை. தொண்டைக்குள் குழாய்,
ஆறு விநாடிக்கு ஓர் அமுக்கல்.
எண்ணிக்கை தப்பினால் சிவப்பு விளக்கு.
ஒரு வாரம் நாங்கள் சோறு மென்றதும்
ஆறு விநாடிக்கு ஒருமுறைதான்.

பிறகு சிலிண்டர்க் கணக்கு:
இவ்வளவு அழுத்தம், நிமிடத்துக்கு இத்தனை லீட்டர்,
கண்டி ஆஸ்பத்திரி வரை காற்று வருமா?
வரும், பத்து நிமிடம் மிச்சம் என்றேன்.
"ரம்பொடையில் மண் சரிஞ்சிருந்தா?"
பஸ்மியா கேட்டாள்.
சூத்திரத்தில் அதற்கு எழுத்து இல்லை.
இரண்டாவது சிலிண்டர் என்று
ஓரத்தில் எழுதினோம்.

செய்முறைப் பரீட்சைக்கு எனக்கு வந்தவர் சவரிமுத்து,
ஐம்பத்தொரு வயது,
பெக்டரியில் சலிப்பு அறை, இருபத்திரண்டு வருடம்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார்.
கோப்பில் மூன்று தேதிகள், மூன்று பேனாக்கள்,
மூன்றிலும் ஒரே வரி:
முயற்சி போதாது.

மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்.
ஹயியென் பிம்பின்ன.
தலையாட்டினார். உதட்டைக் குவித்தார்.
சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல் ஊதினார்.
திரையில் ஒரு சின்ன மேடு,
எறும்புக்குக்கூட மூச்சு வாங்காத மேடு.

ஏன் ஐயா, இன்னும் பலமா?

என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால்
வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்த மிஸ்ஸைப் பார்த்தார்.
"பெரியவங்க மொகத்துக்கு நேரா
எப்படிம்மா பலமா ஊதுறது?"

மூன்று தடவையும் இதுதான் நடந்திருக்கிறது.
மூன்று தடவையும் மரியாதையை
மூச்சு என்று அளந்திருக்கிறது யந்திரம்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வெளியே மூடுபனி, அதற்குப் பதவி இல்லை.
சலிப்பு மெசின்ல தூசி அடைச்சா என்ன செய்வீங்க?
"வாய் வச்சு ஊதித் தள்ளுவேன்."
இதுவும் அடைச்சிருக்கு. தள்ளுங்க.

இழுத்தார். தோள்கள் காதுவரை ஏறின.
விட்டார்.
இன்னும் இன்னும் இன்னும் விடாதீங்க இன்னும்
என்று நான் கத்தியது வாட்டுக்குக் கேட்டிருக்கும்.
உதேனியின் கன்னங்கள் தாமாக உப்பின.
ஆறு விநாடி. அதற்குமேல் இருமல்,
கண்ணில் நீர், கையில் நான் கொடுத்த தண்ணீர்.

நல்ல மூச்சின் கோடு சட்டென்று உச்சிக்கு ஏறும்,
நேரான சரிவில் இறங்கி வரும்.
இவருடையது ஏறியது. இறங்கும் பக்கம்
உள்ளே குழிந்திருந்தது,
அடைமழைக்குப் பிறகு நாம் பார்ப்போமே,
மலையின் ஒரு பக்கத்தைக் காணவில்லை என்று, அப்படி.

இன்னும் இரண்டு முறை ஊதச் சொன்னேன்.
மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.
இப்படிப் பொருந்தினால்தான் பரிசோதனை செல்லும்.
பொருந்தியதற்குச் சந்தோஷப்பட்டேன்,
உடனே சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

மிஸ் இரண்டு புள்ளி கழித்தார்:
அங்கீகரித்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.
கழித்துவிட்டு, "அடைச்சிருக்கு" என்பதை
மெதுவாக ஒருதரம் சொல்லச் சொல்லி
தன் எழுத்தில் எழுதிக்கொண்டார்,
பென்சிலால், ஓரத்தில்.

கோப்பில் மூன்று வரிகளுக்குக் கீழே
நான்காவது என் கையெழுத்து:
முயற்சி மிக நன்று. அடைப்பு கடுமை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு
சவரிமுத்து எழுந்தார்.
கடைசியில்தான் சரியாகச் செய்துவிட்ட மனிதரின் சிரிப்பு.
"பாஸாம்மா?" என்றார்.

அவரையா, என்னையா, எதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை.
மூச்சை இழுத்தேன்.