பன்மை

சிலிம் ரிவர் ஆலையின் எடைமேடையில்
ஒவ்வொரு லாரியையும் இரண்டு முறை நிறுப்பேன்.
செம்பனைக் குலைகளோடு உள்ளே வரும்போது,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது.
பதினாறு வருஷமாக வித்தியாசம் பார்த்தே
சம்பளம் வாங்குகிறவள் நான்.
வீட்டில்தான் தாமதமாகப் பார்த்தேன்.

முதலில் மாறியது ஒரு சொல்.
ரூபேந்திரன் வாயில் ஆட்களுக்குப் பெயர் இருந்தது.
ஷஃபிகுல் சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தான்,
மொமின் ஆற்றில் கெளுத்தி பிடித்தான்.
எந்த வாரம் என்று தெரியவில்லை,
எல்லாரும் ‘அவனுங்க’ ஆனார்கள்.
அவனுங்க வந்துதான் நமக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.
அவனுங்க கொங்சிக்கு ஒரு நாள் இருக்கு.
குலை வெட்ட மாட்டேன் என்று
ஷா ஆலம் ஓடியவன் என் சொந்தத் தம்பி,
யாரும் பிடுங்கவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
சோற்றைப் போட்டேன்.

ஒரு ராத்திரி, அவன் தூங்கிய பிறகும்
காதிலிருந்து நழுவிய இயர்போன்
தலையணையில் கிடந்து பேசிக்கொண்டிருந்தது.
யாரோ ஓர் அண்ணன்.
செய்தி வாசிக்கலாம், அப்படி ஒரு குரல்.
‘கை நடுங்குகிறவன் இப்பவே போயிடு தம்பி’ என்றது.
தம்பி என்று அது சொன்ன விதத்தில்
இந்த வீட்டில் யாரும் அவனை
எதுவும் சொல்லி வருஷக்கணக்காகிறது.

‘போனைப் பிடுங்கி வாய்க்கால்ல போடு’
என்றார் சிங்கப்பூரிலிருந்து அவன் அப்பா.
போட்டால் போன் போகும்.

பள்ளியில் கவுன்சலிங் பார்க்கும் வனஜமலர் டீச்சரை
ஆலைக் கழிவறையிலிருந்து அழைத்தேன்,
குழாயைத் திறந்துவிட்டு.
பெட்ரோல், தேதி, யார் பெயராவது எழுதிய தாள்,
எது கண்ணில் பட்டாலும் அந்த நிமிஷமே போலீஸ் என்றார்.
படவில்லையா, இன்னும் நேரம் இருக்கிறது.
சண்டை வேண்டாம். கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த கேள்விகள் மூன்றே.
லாரி நம்பர், டிரைவர் பேர், கூட வந்தவர் பேர்.

‘அவனுங்க’ என்றான். யாருடா, என்றேன்.
‘எல்லாரும்தான்.’ பேர் சொல்லு.
கதவைச் சாத்திக்கொண்டான்.
மறுநாளும் கேட்டேன்.
அதற்கு மறுநாள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான்,
மீன் குழம்பு ஐஸ்பெட்டிக்கு அடியில்வரை.

பள்ளி விடுமுறை வந்தது.
கணினி கெட்டுப்போச்சு, சீட்டு கையால் எழுதணும்,
மணிக்கு ஆறு வெள்ளி என்று கூட்டிப் போனேன்.
கணினி நன்றாகத்தான் இருந்தது.
மேனேஜர் லியோங் அதன் மேல் துணி போட்டு மூடினார்.

மூன்றாம் நாள் மழை.
லாரியிலிருந்து இறங்கினான் ஷஃபிகுல்,
பனைமுள் ஏறிய கட்டைவிரல் வீங்கியிருந்தது.
‘பேர்?’ என்றான் ரூபன், நிமிராமல்.
அவன் சொன்னான். இவன் எழுதினான்.
சீட்டைப் பார்த்துவிட்டு ஷஃபிகுல்
ஓர் எழுத்து குறைகிறது என்று
ஈர விரலால் மேசையில் எழுதிக் காட்டினான்.
பிறகு மலாயில், ‘ரந்தாய் ஓகே?’
சைக்கிள் செயினைத்தான்.
‘ஓகே’ என்றான் என் பிள்ளை.
அடுத்த லாரி ஹார்ன் அடித்தது.

அன்று ராத்திரி அடுப்படி வாசலில் நின்றான்.
‘குரூப்பை விட்டுப் போனா
நம்ம வீடு தெரியும்னு சொல்றானுங்கம்மா.’
இந்த ‘றானுங்க’ வேறு ஆட்கள்.
அவன் கை நடுங்கியது.
நல்லவேளை, நடுங்கியது.
டீச்சரையும் கூட்டிக்கொண்டு காலையில் ஸ்டேஷன் போகலாம்,
நானும் வரேன் என்றேன்.
கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம்,
நாய் குரைத்தபோதெல்லாம் இருவரும் எழுந்தோம்.

முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
செவ்வாய்தோறும் டீச்சரைப் பார்க்கிறான்.
சில நாள் அவன் வாயில் அந்தக் குரல்
ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போகிறது.

போன வாரம் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.
‘அவனுங்களைச் சும்மா விடக்கூடாதும்மா.’
கரண்டி அப்படியே நின்றது. யாரு?
‘தஞ்சோங் மாலிம் பசங்க. ஃபுட்சால்ல நாலு கோல்.’
பேர் சொல்லு என்றேன்.
சலித்துக்கொண்டே சொன்னான்,
ஹாஸிம், கியான் வெய், பிரவீந்திரன்,
கோல்கீப்பர் பேர் மறந்துபோச்சு என்றான்.
தோசை கருகிவிட்டது.
கேட்டுட்டு வந்து சொல்லு என்றேன்.